மறதி நோய் ஆராய்ச்சியில் சேர்வதா? நான்கு வழிகளும் ஒரு முடிவும்

அம்மாவுக்கு ஒரு வருடமாகவே மறதி கூடிக்கொண்டு வருகிறது. சோதனைகள் முடிந்து, ‘லேசான அறிவுத்திறன் குறைபாடு’ என்று மருத்துவர் எழுதித் தருகிறார். கிளம்பும்போது, “இது சம்பந்தமாக ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, சேர விருப்பமா?” என்றும் கேட்கிறார். அன்று இரவு வீடு இரண்டு கட்சியாகிவிடும். “அம்மாவைச் சோதனை எலி ஆக்க வேண்டாம்” என்பார் மகள். “புது மருந்து கிடைக்கிற வாய்ப்பை ஏன் விடுவது?” என்பார் மகன். இருவர் மனதிலும் இருப்பது ஒரே வகை ஆராய்ச்சிதான்: மருந்துச் சோதனை. மருத்துவர் கேட்டது அதுவாக இல்லாமலே இருக்கலாம். இவ்வளவு பேச்சும் நடக்கும்போது அம்மா அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த இரவில் கைக்கு இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதுமையில் மூளை தேயும் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சியில் பங்கெடுக்க நான்கு வழிகள் உண்டு. ஆண்டுக்கணக்கில் கவனித்து மட்டும் வருகிற தொடர் ஆய்வு ஒன்று. மருந்துச் சோதனை இரண்டாவது. உணவு, உடற்பயிற்சி, ரத்த அழுத்தம், காது கேட்கும் திறன் போன்றவற்றைச் சீராக்கிப் பார்க்கும் வாழ்க்கைமுறை ஆய்வு மூன்றாவது. இறந்தபின் மூளையைக் கொடுப்பது நான்காவது. ஒவ்வொன்றும் நம்மிடம் கேட்பது வேறு, திருப்பித் தருவது வேறு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் 5.7 கோடிப் பேர் டிமென்ஷியாவோடு, அதாவது மறதி நோயோடு, வாழ்ந்தார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். இந்த நோயைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ ஒரு பெரியவர் “சரி, வருகிறேன்” என்று சொன்னதால் தெரிந்தது. ஆகவே சேர வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. எதில், எப்போது, யார் சம்மதத்தோடு என்பதுதான் கேள்வி.

தொடர் ஆய்வு

இதில் மருந்து கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ போக வேண்டும். நினைவுச் சோதனை, ரத்தம், சில ஆய்வுகளில் எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன், சம்மதித்தால் முதுகிலிருந்து தண்டுவட நீர். “இவ்வளவுதானா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. இவ்வளவுதான். ஆனால் மறதி நோயைப் பற்றிய மிகப் பெரிய உண்மைகள் இந்த அமைதியான வேலையிலிருந்து வந்தவை.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் 5,209 பேரை வைத்து இதயநோய்க்கென்று ஓர் ஆய்வு தொடங்கியது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அது தொடர்ந்துகொண்டே போனது. 2016இல் அதிலிருந்து வந்த ஒரு செய்தி பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது: 1970களின் பிற்பகுதியிலிருந்து, குறிப்பிட்ட ஒரு வயதில் புதிதாக டிமென்ஷியா வருகிற விகிதம் பத்தாண்டுக்குச் சராசரியாக 20 சதவீதம் குறைந்து வந்திருக்கிறது. அந்தக் குறைவு பள்ளிப் படிப்பை முடித்தவர்களிடம் மட்டுமே தெரிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வயதானால் வந்தே தீரும் என்று கைகட்டி நின்ற காலத்தை அந்த ஒரு கணக்கு அசைத்தது. எந்த மருந்துச் சோதனையாலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. இரண்டு தலைமுறை பொறுமையாக வந்து உட்கார்ந்ததால் கிடைத்தது.

டிமென்ஷியாவில் மிகப் பரவலான வகை அல்சைமர். 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘அட்னி’ என்ற அல்சைமர் ஸ்கேன் ஆய்வு இன்னொரு வகையில் முக்கியமானது. திரட்டிய தகவலைப் பூட்டி வைக்காமல், உலகெங்கும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் கேட்டால் கொடுத்தார்கள். சேரப்போகிற ஆய்வைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டிய நல்ல கேள்வி இது: என் தாயின் தகவல், பெயர் நீக்கப்பட்டு, மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் போகுமா? போகும் என்றால் அவர் கொடுக்கிற ஒரு நாள் பல நாளாகப் பெருகும்.

உடலுக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் மனதுக்கு ஒரு விலை உண்டு. ஒப்புதல் படிவத்தில் அது ஒரு வரிதான் இருக்கும். என் பெரியம்மா சில ஆண்டுகள் இப்படி ஓர் ஆய்வில் இருந்தார். சொற்களின் பட்டியல் ஒன்றை வாசித்துவிட்டு, வேறு வேலை கொடுத்து, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். ஒரு வருடம் அவருக்கு ஒரு சொல்கூட வரவில்லை. வீடு வந்து சேரும் வரை வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் போக வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். இன்று யோசித்தால் அது தவறு. நோய் முற்றுகிறவர்கள் விலகிவிட்டால், ஆய்வில் எஞ்சுவது நன்றாக இருப்பவர்கள் மட்டும். நோயின் நடை எப்படி என்பதே கணக்கிலிருந்து காணாமல் போகும். வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, தொலைபேசியில் குடும்பத்தினரிடம் மட்டும் கேட்டுக்கொள்வார்களா என்று நாங்கள் விசாரித்திருக்க வேண்டும். பல ஆய்வுகளில் அதற்கு வழி இருக்கிறது. அதைவிடப் பெரிய தவறு, பெரியம்மாவைக் கேட்காமல் முடிவெடுத்தது.

மருந்துச் சோதனை

குடும்பங்கள் அதிகம் ஆசைப்படுவதும் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். ஆசைக்கும் பயத்துக்கும் உரிய எண்களைப் பார்த்துவிடுவது நல்லது.

லெக்கானமாப் என்ற மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையில் ஆரம்பநிலை அல்சைமர் உள்ள 1,795 பேர் சேர்ந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக மருந்து, 18 மாதங்கள். ஏறக்குறைய 40 தடவை போய்வர வேண்டும். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவில், மருந்து பெற்றவர்களிடம் நோயின் சரிவு 27 சதவீதம் மெதுவாகியிருந்தது. கேட்க நிறைவாக இருக்கிறது. அதையே இன்னொரு விதமாகச் சொன்னால், நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி கொண்ட அளவுகோலில் இரு குழுவுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் 0.45 புள்ளி. இரண்டு வாக்கியமும் உண்மை. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்கிறவரிடம் படிவத்தில் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள்.

இந்த மருந்துகள் மூளையில் படிந்த அமிலாய்டு என்ற புரதத்தை அகற்றுகின்றன. அப்படி அகற்றும்போது மூளையில் நீர்க்கோவையோ சிறு ரத்தக்கசிவோ வரலாம். லெக்கானமாப் பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு நீர்க்கோவை வந்தது. வெறும் திரவம் பெற்றவர்களில் 1.7 சதவீதம். பலருக்கு ஸ்கேனில் மட்டும் தெரிந்தது, உடலில் அறிகுறி இல்லை. ஆனால் ஏபிஓஇ4 என்ற மரபணு வகை தாய் வழியிலும் தந்தை வழியிலுமாக இரண்டு பிரதி வாய்த்தவர்களிடம் அது 32.6 சதவீதத்தைத் தொட்டது. டோனனமாப் என்ற அடுத்த மருந்தின் சோதனையில் 1,736 பேர். அங்கே நீர்க்கோவை 24 சதவீதம் பேருக்கு. மருந்தோடு தொடர்புள்ளவை என்று கருதப்பட்ட மூன்று மரணங்களும் அந்தச் சோதனையில் நேர்ந்தன.

இவை இரண்டும் வெற்றி பெற்ற மருந்துகள் என்பதை மறக்க வேண்டாம். இவற்றுக்கு முன்னால் தோற்றவை ஏராளம். செமாகாசெஸ்டாட் என்ற மருந்தின் சோதனை 2010இல் பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்து சாப்பிட்டவர்களின் நிலை, சாப்பிடாதவர்களைவிட மோசமானது. இன்னும் நோய் அறிகுறியே வராத, ஆனால் மூளையில் அமிலாய்டு சேர்ந்திருந்த 1,169 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் சொலனெசுமாப் மருந்தையும் மற்றவர்கள் வெறும் திரவத்தையும் நான்கரை ஆண்டு எடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வந்த விடை, பலனில்லை என்பதே. அந்த 1,169 பேரின் காலம் வீணாகவில்லை என்று அறிவியல் சொல்லும்; அந்த மருந்து அந்த நிலையில் போதாது என்று அவர்களால்தான் தெரிந்தது. ஆனால் ‘மருந்து கிடைக்கும்’ என்ற ஒரே எண்ணத்தோடு சேர்ந்த குடும்பத்துக்கு அந்தப் பதில் ஆறுதல் தராது. மருந்துச் சோதனை சிகிச்சை அல்ல. மருந்து வேலை செய்கிறதா என்று தெரியாததால்தான் அந்தச் சோதனையே நடக்கிறது.

சேர நினைத்தாலும் எல்லாருக்கும் இடம் கிடைக்காது. பேஸ்மேக்கர் வைத்திருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பதில் சிக்கல் வரலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களைப் பல சோதனைகள் சேர்ப்பதில்லை. ஸ்கேனில் அமிலாய்டு இல்லையென்றால் அந்த வகை மருந்துக்கு வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். முதலில் ரத்தத்தில் பி-டவ்217 என்ற புரதத்தைப் பார்த்து வடிகட்டுவது இப்போது பரவி வருகிறது. வீணாக ஸ்கேன் வரை போவது அதனால் குறையும். ஒரு சோதனையில் சேர்ந்தவரை இன்னொன்றில் சேர்க்க மறுப்பதும் சகஜம். அங்கீகாரம் பெற்ற மருந்து ஏற்கெனவே கிடைக்கிற நாட்டில் இருந்தால், சோதனையின் நடுவில் அதை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டா என்பதையும் முன்பே கேட்க வேண்டும். சோதனை முடிந்தபின் வெறும் திரவம் பெற்றவர்களுக்கும் மருந்து தருவார்களா என்பதும் அதே மூச்சில் கேட்க வேண்டியது.

படிவத்தில் ‘உடன் வருபவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். கூடவே போய்விட்டு வருகிறவர் என்று நினைத்துப் பெயரை எழுதிவிடுவார்கள். அப்படியல்ல. நான் மேலே சொன்ன 18 புள்ளி அளவுகோலே பாதி அவருடைய வாய்மொழிதான்: “பணத்தைச் சரியாக எண்ணுகிறாரா? தனியாக வெளியே போய்த் திரும்புகிறாரா? போன மாதத்தைவிட எப்படி?” என்று அவரைத் தனியே உட்கார வைத்துக் கேட்பார்கள். தன் கணவரைப் பற்றி, அவர் பக்கத்து அறையில் இருக்கும்போது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்மையைச் சொல்ல வேண்டியது லேசான வேலை இல்லை. அந்த ஒருவர் வேலைக்குப் போகிறவராக இருந்தால் விடுப்பு. அவருக்கே எழுபது வயதென்றால் அவர் முழங்கால். மருந்துச் சோதனையை நடுவில் கைவிடும் குடும்பங்களில் நோயாளியைவிட இந்த உடன் வருபவர் களைத்துப்போனதே காரணம் என்று நான் பார்த்திருக்கிறேன். யார் அந்த ஒருவர் என்று முடிவாகாமல் மற்ற எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

வாழ்க்கைமுறை ஆய்வு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் தயங்க அதிகம் இல்லை. ஃபின்லாந்தில் மியா கிவிபெல்டோ தலைமையில் நடந்த ‘ஃபிங்கர்’ ஆய்வில் 60 முதல் 77 வயது வரை, மறதி வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாக இருந்த 1,260 பேர் இரண்டு ஆண்டு பங்கெடுத்தார்கள். உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தம் முதலியவற்றைக் கண்காணித்தல் எல்லாம் ஒன்றாக. 2015இல் வந்த முடிவில், பயிற்சி பெற்ற குழுவின் மொத்த அறிவுத்திறன் மதிப்பெண் மற்றக் குழுவைவிட 25 சதவீதம் அதிகமாக முன்னேறியிருந்தது. அமெரிக்காவில் 2,111 பேரோடு அதே வழியில் நடந்த ஆய்வு 2025இல் முடிவைச் சொன்னது: கட்டுக்கோப்பான பயிற்சிக் குழு, தானாகப் பார்த்துக்கொண்ட குழு, இரண்டுமே முன்னேறின, முதல் குழு கொஞ்சம் கூடுதலாக. அந்தக் ‘கொஞ்சம்’ மிகச் சிறியது என்பதையும் மறைக்க வேண்டாம்.

காதுக் கருவியை வைத்து 977 பேரிடம் மூன்று ஆண்டு நடந்த ஆய்வு இதைவிட யோசிக்க வைக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் 2023இல் பலன் தெரியவில்லை. ஆனால் இதயநோய் ஆய்வொன்றிலிருந்து வந்திருந்த, ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் அதிகம் உள்ள பிரிவினரிடம் மட்டும் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் குறைந்திருந்தது. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களுக்கே இந்த ஆய்வுகள் அதிகம் பயன்படுகின்றன என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வழி நோய் வந்துவிட்ட அம்மாவைவிட, அவரைக் கூட்டிக்கொண்டு போகிற அறுபது வயது மகளுக்கே பொருத்தம். குடும்பத்தில் யாரும் இதை யோசிப்பதில்லை. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டு, டிமென்ஷியாவில் 45 சதவீதம் அவற்றோடு தொடர்புடையது என்று மதிப்பிட்டது. மகள் இந்த ஆய்வில் சேர்ந்து, வெறும் ஆலோசனை பெறுகிற குழுவில் விழுந்தால்கூட நஷ்டமில்லை; ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் யாரோ ஒழுங்காக எழுதி வைக்கிறார்கள்.

மூளையைக் கொடுப்பது

இதைப் பேசும்போது கூடத்தில் குரல் தாழும். எனக்கோ நான்கில் இதுதான் மனதுக்கு மிக நெருக்கமானது.

அல்சைமர் என்ற பெயரே இப்படித்தான் வந்தது. 1901இல் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில் ஆகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் பார்த்தார். 1906இல் அந்தப் பெண் இறந்தபின் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்துதான் படிவுகளையும் முடிச்சுகளையும் கண்டார். நூறாண்டு கடந்த பிறகும், ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இவ்வளவு முன்னேறிய பிறகும், ஒருவருக்கு இருந்தது முழுக்க என்ன என்று இறுதியாகச் சொல்வது மூளைத் திசுதான்.

1986இல் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரீகள் ஆண்டுதோறும் சோதனைக்கு உட்பட்டு, இறந்தபின் மூளையையும் தருவதாகச் சம்மதித்தார்கள். அவர்களில் 101 வயதில் இறந்த சிஸ்டர் மேரியின் நினைவும் புத்தியும் கடைசி வரை தெளிவாக இருந்தன. மூளையைத் திறந்து பார்த்தால் அல்சைமர் படிவுகளும் முடிச்சுகளும் நிறைய. நோய் மூளையில் இருந்தது, அவரிடம் இல்லை! இந்தப் புதிருக்கு இன்றுவரை முழு விடை கிடைக்கவில்லை. ஆனால் சேதத்தைத் தாங்கிக்கொண்டு இயங்கும் திறனை ‘மூளையின் சேமிப்பு’ என்று இன்று பேசும் கருத்துக்கு இது போன்ற மூளைகள்தான் அடித்தளம். சிகாகோவில் 1994 முதல் நடக்கும் துறவியர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: டிமென்ஷியாவோடு இறந்த முதியவர் பலரின் மூளையில் ஒரே நோய் இல்லை, அமிலாய்டும், அடைபட்ட சிறு ரத்தக்குழாய்களும், வேறு புரதங்களும் கலந்தே இருந்தன. டி.டி.பி-43 என்ற புரதத்தால் வரும், அல்சைமர் போலவே தோன்றும் ஒரு நோய்க்கு 2019இல்தான் தனிப்பெயரே வைத்தார்கள். அமிலாய்டை மட்டும் அகற்றும் மருந்தின் பலன் ஏன் 0.45 புள்ளியோடு நிற்கிறது என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு பகுதி விடை இந்தக் கலப்பில் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

நடைமுறை பற்றிக் குடும்பங்களுக்கு இருக்கும் பயங்களில் பாதி தவறானவை. முகம் சிதையாது, பின்தலை வழியாக எடுத்துச் சீராகத் தைத்துவிடுவார்கள், இறுதிச் சடங்குக்குத் தடையில்லை. நோய் இல்லாதவர்களின் மூளையும் ஒப்பிட்டுப் பார்க்க அதே அளவு தேவை. ஆனால் கண், சிறுநீரக தானத்துக்குப் பதிவு செய்திருப்பது பெரும்பாலும் இதற்குப் போதாது. மூளை வங்கியில் தனியாகப் பதிய வேண்டும். மருத்துவக் கல்லூரிக்கு முழு உடலைத் தருவதாக எழுதியிருந்தால், மூளை எடுத்த உடலை ஏற்பார்களா என்று இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். பொதுவாக 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பார்கள். இறந்த வீட்டில் அந்த நேரத்துக்குள் ஒருவர் தொலைபேசியை எடுத்தாக வேண்டும். உண்மையான சிரமம் அதுதான். பிறகு பல வங்கிகள் குடும்பத்துக்கு அறிக்கை தருகின்றன. “அப்பாவுக்கு இருந்தது என்ன?” என்ற கேள்விக்கு உறுதியான பதில் வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு அதைவிட நேரான வழி இல்லை.

யாருடைய சம்மதம்

நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபின் என் முடிவு இது. லேசான குறைபாடு மட்டும் உள்ள பெரியவர், தொடர் ஆய்வில் சேர்ந்து அதே வாரத்தில் மூளை தானத்துக்கும் பதிவு செய்வது முதல் தேர்வு. ஆபத்து குறைவு, ஒன்று மற்றொன்றின் மதிப்பைக் கூட்டும். உயிரோடு இருந்தபோது எப்படி நினைவு சரிந்தது என்ற பதிவோடு வருகிற மூளை, பதிவில்லாத மூளையைவிடப் பல மடங்கு பேசும். மருந்துச் சோதனை, சளைக்காத ஓர் உடன் வருபவர் இருக்கிற, வெறும் திரவம் கிடைத்தாலும் மனம் உடையாத, ஏபிஓஇ4 இரண்டு பிரதி இல்லாத பெரியவருக்கு. இரண்டு பிரதி உள்ளவர் அந்த அமிலாய்டு மருந்துகளின் சோதனைக்குப் போக வேண்டாம் என்பேன். வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகளும் சோதனையில் உள்ளன. வாழ்க்கைமுறை ஆய்வு பிள்ளைகளுக்கு.

மரபணு முடிவைத் தெரிந்துகொள்வதா என்பது தனிக் கேள்வி. அம்மாவுக்கு இரண்டு பிரதி என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று நிச்சயம். பெற்றோரில் ஒருவருக்கு அல்சைமர் இருந்த 162 பேரிடம் நடந்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முடிவைத் தெரிந்துகொண்டவர்களுக்குக் கவலையோ மனச்சோர்வோ குறிப்பிடும்படி கூடவில்லை. அந்தக் குறுகிய காலத்துக்கு அது ஆறுதல்தான். ஆனாலும் தெரிய வேண்டாம் என்கிற தம்பிக்குத் தெரியாமல் காக்க முடியுமா என்று முதலில் பேசிவிடுங்கள்.

நினைவு குறைந்தவர் என்பதாலேயே ஒருவரின் சம்மதிக்கும் தகுதி போய்விடுவதில்லை. லேசான குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் இதைப் புரிந்து முடிவு சொல்லக்கூடியவர்கள். கொஞ்சம் நிதானமாக, இரண்டு நாளில் இரண்டு தடவை, சத்தமில்லாத நேரத்தில் சொல்ல வேண்டும். சொன்னதை அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். இந்தக் காலம் நீளாது. ஓரிரு ஆண்டு கழித்து அதே படிவத்தில் பிள்ளைகள் ஊகித்துக் கையெழுத்துப் போடுவார்கள். ஆகவே இப்போதே மூன்று விஷயங்களை அவர் வாயால் கேட்டு எழுதி வைப்பது நல்லது: பிற்காலத்தில் நான் புரிந்துகொள்ள முடியாத நிலைக்குப் போனால் ஆய்வில் தொடரலாமா, ஊசி, ஸ்கேன் எது வரைக்கும், எனக்காக முடிவெடுப்பவர் யார். அதன் பிறகும், ஒவ்வொரு தடவை கூட்டிப் போகும்போதும் கேட்கத்தான் வேண்டும். எழுதி வைத்ததையே மறந்துவிட்ட அம்மா ஸ்கேன் அறை வாசலில் கையை இழுத்துக்கொண்டால், அன்றைக்கு அதுதான் அவருடைய பதில். நல்ல ஆராய்ச்சிக் குழு அதை மதித்து வேறு நாள் கொடுக்கும். மதிக்காத குழுவிலிருந்து காரணம் சொல்லாமலே விலகலாம், அந்த உரிமை கையெழுத்துப் போட்ட அன்றே உங்களுக்கு உண்டு.

மூளை வங்கியின் எண்ணை மட்டும் தொலைபேசிக்குள் சேமித்துவிட்டு இருந்துவிட வேண்டாம். ஒரு தாளில் பெரிதாக எழுதி, அம்மாவின் மாத்திரைப் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருந்தாலும் கை போகிற இடம் அது.